பினக்கிள் ஏறி, கிரேட் வெஸ்டர்னில் இறங்கி: ஒரு விடுமுறை நாளின் வரலாறு

மெல்பேர்னில் இருக்கிற எங்கட சொந்தக்காரர் போடுகிற படங்களில் ஒரு மலை திரும்பத் திரும்ப வரும். பாறை விளிம்பில் ஒரு கம்பி வேலி, அதைப் பிடிச்சுக்கொண்டு நிற்கிற மச்சான்மார், கீழே பச்சைப் பள்ளத்தாக்கு. அடுத்த படம் கட்டாயம் வைன் கிளாஸ்தான். விக்டோரியா மாநிலத்தில் ரோட் ட்ரிப் போகிற சனத்துக்கு இது பழகிப்போன ஒழுங்கு. வெஸ்டேர்ன் ஹைவேயில் மேற்குப் பக்கமாய் மூன்று மணித்தியாலம் ஓடி, ஹோல்ஸ் கேப் என்ற சின்ன ஊரில் ஓர் இரவு தங்கி, காலமை பினக்கிள் உச்சிக்கு நடை. பின்னேரம் பக்கத்து கிரேட் வெஸ்டர்ன் ஊரில் நிலக்கீழ் சுரங்கங்களைப் பார்த்து, வைன் ருசி பார்த்துவிட்டுத் திரும்புவது.

எங்களில் ஒருவரும் அங்கே போனதில்லை. ஆனால் வரலாறு படிக்கிற ஆக்களிடம் மலைப் படத்தைக் காட்டினால் முதலில் வாற கேள்வி ஒன்றுதான்: இந்த வழியால இதுக்கு முதல் நடந்தது ஆர்? அதைத் தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான், அந்தச் சுற்றுலா ஒழுங்கின்படியே எழுதுகிறோம். அதாவது முதலில் ரோட்டு, பிறகு மலை, கடைசியாக வைன்.

ரோட்டில் இருந்தே பிரச்சினை தொடங்குகிறது. மெல்பேர்னில் இருந்து பலரட் தாண்டி அரரட் போற வழியில், புவங்கோர் பக்கம் ஹைவேயை இரட்டிப்பாக்கும் வேலை நடந்தது. அந்த நிலம் ஜாப் வுரூங் மக்களுடையது. பாதை போக இருந்த இடத்தில் பல நூற்றாண்டு வயதான யூக்கலிப்டஸ் மரங்கள் நின்றன. அவற்றில் சில, தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பிள்ளை பெற்ற மரங்கள் என்று ஜாப் வுரூங் பெண்கள் சொன்னார்கள். 2018 இல் அவர்கள் மரங்களுக்கடியில் கூடாரம் போட்டு, அதற்குத் 'தூதரகம்' என்று பெயரும் வைத்து இருந்துவிட்டார்கள். சொந்த நிலத்தில் தூதரகம் போடுறது எண்டால், அந்தப் பெயரிலேயே முழு வாதமும் இருக்கு. 2020 ஒக்டோபர் 26 அன்று 'திசை காட்டும் மரம்' என்று அவர்கள் அழைத்த மரம் வெட்டப்பட்டது. அதே நாளில்தான் மெல்பேர்னின் நீண்ட கொரோனா முடக்கம் தளர்த்தப்படுகிற அறிவித்தலும் வந்தது.

இதில் ஒரு பக்கம் மட்டும் இல்லை. சட்டப்படி அந்தப் பிரதேசத்தின் பூர்வகுடிப் பிரதிநிதியாக இருக்கிற ஈஸ்டேர்ன் மார் அமைப்பு, குறிப்பிட்ட சில மரங்களைக் காப்பாற்றும் உடன்பாட்டுக்கு அரசோடு வந்திருந்தது. கூடாரத்தில் இருந்தவர்கள் அந்த உடன்பாட்டை ஏற்கவில்லை. ஒரு மக்களுக்காக யார் கையெழுத்துப் போடலாம் என்ற கேள்வி எங்களுக்கும் புதுசில்லை. அதனால் 'பூர்வகுடிகள் எதிர்த்தார்கள்' என்று ஒரு வரியில் எழுதித் தாண்டிப்போக எங்களுக்கு மனம் வரவில்லை.

இனி மலை. பாடப்புத்தக வரைபடங்களில் அதன் பெயர் கிராம்பியன்ஸ். 1836 இல் தோமஸ் மிட்செல் என்ற நில அளவையாளர், ஸ்கொட்லாந்துக்காரர், இந்தப் பக்கம் வந்தார். தன் ஊர் மலைத்தொடரின் பெயரை எடுத்து இதற்கு வைத்தார். மிக உயர்ந்த சிகரத்துக்கு (1,167 மீற்றர்) அப்போதைய பிரித்தானிய அரசர் வில்லியத்தின் பெயர். ஆக்களே இல்லாத இடத்துக்குப் பெயர் வைத்தது போலத்தான் பழைய புத்தகங்கள் இதைச் சொல்லும். ஆனால் அந்த மலைக்கு காரிவெர்ட் என்று பெயர் இருந்தது. ஜாட்வாஜலி, ஜாப் வுரூங் என்ற இரண்டு மொழிக்காரர் அங்கே இருந்தார்கள். அங்கே மனிதர் வாழ்ந்ததற்கான தொல்லியல் சான்று 20,000 ஆண்டுகளுக்கு மேலே போகிறது. விக்டோரியா மாநிலத்தில் இதுவரை அறியப்பட்ட பாறை ஓவிய இடங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரு மலைத்தொடரில்தான் இருக்கின்றன. கைப்பதிவுகள், ஈமுவின் காலடிகள், வரிசை வரிசையான கோடுகள்.

மலையிடுக்குகள் எப்படி வந்தன என்பதற்கும் அவர்களிடம் கதை இருக்கிறது. சிங்கல் என்ற இராட்சத ஈமு ஒரு காகத்தைத் துரத்திக்கொண்டு வந்து, மலையை உதைத்துப் பிளந்ததாம். அதைக் கடைசியில் வேட்டையாடியவர்கள் பிராம் சகோதரர்கள். ஹோல்ஸ் கேப்பில் இருக்கிற பண்பாட்டு நிலையத்தின் பெயரான பிரம்புக் அந்தச் சகோதரர்களோடு தொடர்புள்ளது. ஹோல்ஸ் கேப் என்ற ஊர்ப்பெயருக்குக் காரணமான சார்ல்ஸ் ஹோல், 1841 இல் அந்த இடுக்கைக் 'கண்டுபிடித்த' மேய்ச்சல்காரர்.

மிட்செலின் வண்டிச் சக்கரத் தடங்களைப் பிடித்துக்கொண்டே செம்மறிகள் வந்தன. சில வருடங்களுக்குள்ளேயே சமவெளி முழுக்க மேய்ச்சல் நிலம். ஆட்டுக்கும் கங்காருவுக்கும் ஒரே புல். நாங்கள் தோண்டிச் சாப்பிடுகிற கிழங்கை ஆடு மிதித்து அழித்தால் நாங்கள் என்ன செய்வோம்? ஆட்டைப் பிடித்துச் சாப்பிட்டார்கள். பதிலுக்குத் துவக்குச் சூடு நடந்தது. அந்தக் காலத்தில் 'பூர்வகுடிகளின் பிரதம பாதுகாவலர்' என்ற பதவியில் இருந்த ஜோர்ஜ் ஓகஸ்டஸ் ரொபின்சன், 1841 இல் இந்தப் பக்கம் குதிரையில் சுற்றி நாட்குறிப்பு எழுதினார். கொல்லப்பட்டவர்கள் பற்றிய பேச்சுகளும் அதில் இருக்கின்றன. வில்லியம் மலையடியில் அவர் கண்ட விலாங்கு மீன் வாய்க்கால்களும் இருக்கின்றன. வளைந்து வளைந்து வெட்டப்பட்ட அகழிகள், ஏறக்குறைய 15 ஏக்கர் பரப்பில். தண்ணீரைத் திருப்பி, மீனைத் தேக்கி, பருவத்துக்குப் பிடிக்கிற ஏற்பாடு. 'நாடோடிகள், நிலத்தில ஒண்டும் செய்யாத ஆக்கள்' என்ற கதையை உடைக்கிறதுக்கு இந்த ஒரு குறிப்பே போதும். அதை எழுதி வைத்தது குடியேற்ற அரசின் உத்தியோகத்தர்தான் என்பது வேற விஷயம்.

பெயருக்குத் திரும்பி வருவோம். 1989 இல் விக்டோரியாவின் சுற்றுலா அமைச்சராக இருந்த ஸ்டீவ் க்ராப், மலைகளுக்குப் பழைய பெயர்களைத் திரும்பக் கொண்டுவரப் போவதாக அறிவித்தார். ஒரு பெயர்ப்பலகைக்காக இவ்வளவு கோபமா எண்டு யோசிக்கிற அளவுக்கு உள்ளூர் வெள்ளையரிடமிருந்து எதிர்ப்பு வந்தது. இரட்டைப் பெயர்கள் வந்தன, 1992 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகு பின்வாங்கப்பட்டன, பிறகு மெல்ல மெல்ல மறுபடியும் பாவனைக்கு வந்தன. பெயர்ப்பலகையில் தார் பூசுகிற நாட்டில் வளர்ந்த எங்களுக்கு அந்தக் கோபம் விளங்காத ஒன்றில்லை.

இப்ப நடை. அவுஸ்திரேலியாவில் 'புஷ்' என்பது ஒற்றைப் பற்றை இல்லை. உழாத, கட்டாத நிலம் முழுக்கப் புஷ்தான். அதில் பொழுதுபோக்காக நடப்பதைப் புஷ்வோக்கிங் என்கிறார்கள். மெல்பேர்னில் 1894 இலேயே நடைக்கழகம் தொடங்கிவிட்டார்கள். ஆண்கள் மட்டும். பெண்கள் 1922 இல் தங்களுக்கென்று ஒன்று தொடங்கினார்கள். 'புஷ்வோக்கர்' என்ற சொல் நிலைத்தது 1927 இல் சிட்னியில் தொடங்கிய கழகத்தால்தான். இந்த நடைக்காரர்களைச் சும்மா பொழுதுபோக்கு ஆக்கள் என்று தள்ளிவிட ஏலாது. 1931 இல் நீல மலைப் பக்கம் நடந்துகொண்டிருந்த சிலர், ஒரு பள்ளத்தாக்கின் நீல யூக்கலிப்டஸ் காட்டை வெட்டப்போகிற மனுசனைக் கண்டார்கள். பேரம் பேசி, 130 பவுண் சேர்த்துக் கொடுத்து, அந்தக் காட்டைக் காப்பாற்றினார்கள். பொருளாதார மந்தத்தின் நடுவில் அது சின்னக் காசில்லை. அவுஸ்திரேலியாவின் தேசியப் பூங்காக்கள் பலவற்றுக்குப் பின்னால் இப்படியான நடைக்காரரின் பிடிவாதம் இருக்கிறது. காரிவெர்ட் 1984 இல்தான் தேசியப் பூங்காவானது. 2021 இல் அதன் நெடுக்கே 160 கிலோமீற்றர் நடைபாதை திறக்கப்பட்டது. முழுக்க நடக்க 13 நாள் தேவை.

இந்த நடைக்காரர்கள் காப்பாற்ற நினைத்த காடு 'மனிதர் கைபடாத' காடு. அது அவர்களின் நேர்மையான நம்பிக்கை. ஆனால் அந்தக் காடு கைபடாததாய்த் தெரிந்தது, கைபட்ட ஆக்களை அங்கிருந்து எடுத்துவிட்ட பிறகுதான். எடுத்தது எப்படி என்பதற்கு ஒரு சட்டமே சாட்சி. 1869 இல் விக்டோரியா ஒரு 'பாதுகாப்பு'ச் சட்டம் போட்டது. எந்தப் பூர்வகுடி எங்கே குடியிருக்க வேண்டும், எங்கே வேலை செய்ய வேண்டும் என்று ஒரு சபை தீர்மானிக்கலாம். 1886 இல் அதைத் திருத்தி, கலப்புப் பிறப்புள்ளவர்களைக் குடியிருப்புகளிலிருந்தே வெளியேற்றினார்கள். முதலில் உள்ளே தள்ளினது, பிறகு வெளியே தள்ளினது. அதற்கு எட்டு வருடம் கழித்துத்தான் மெல்பேர்ன் கனவான்கள் நடைக்கழகம் தொடங்குகிறார்கள்.

கிரிக்கெட் பார்க்கிற ஆக்களுக்கு இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை, கொஞ்சம் நீளம். அரரட் என்ற பெயரை வைத்தது ஹொரேஷியோ வில்ஸ் என்ற மேய்ச்சல்காரர். 1841 இல் ஆடுகளோடு வந்து களைத்து இளைப்பாறிய குன்றுக்கு, நோவாவின் பேழை தங்கிய மலையின் பெயரை வைத்தார். அவருடைய மகன் டொம், சிறுவனாய் ஜாப் வுரூங் பிள்ளைகளோடு விளையாடி, அவர்களின் மொழி பேசி வளர்ந்தவர். பிறகு இங்கிலாந்தில் படித்து வந்து, அவுஸ்திரேலியக் கால்பந்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1861 இல் தகப்பன் ஹொரேஷியோ உட்பட 19 பேர் குயின்ஸ்லாந்தில் பூர்வகுடிகளால் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பழிவாங்கலாய் அதைவிடப் பல மடங்கு பூர்வகுடிகள் கொல்லப்பட்டார்கள். இது நடந்து ஐந்து வருடத்தில், 1866 இல், அதே டொம் வில்ஸ் மேற்கு விக்டோரியாவின் பூர்வகுடி கிரிக்கெட் அணிக்குப் பயிற்சி கொடுத்து, பொக்ஸிங் டே அன்று மெல்பேர்ன் மைதானத்தில் இறக்கினார். ஏன் செய்தார், என்ன மனநிலையில் செய்தார் என்று ஆய்வாளர்கள் இன்றும் சண்டை பிடிக்கிறார்கள்.

அந்த அணியின் வழித்தோன்றலாய் இன்னொரு அணி, டொம் இல்லாமல், 1868 இல் கப்பலேறி இங்கிலாந்து போனது. இங்கிலாந்துக்குப் போன முதலாவது அவுஸ்திரேலிய அணி அதுதான். 47 ஆட்டம். 14 வெற்றி, 14 தோல்வி, மிச்சம் 19 சமநிலை. நட்சத்திர ஆட்டக்காரர் உனாரிமின் என்ற ஜாட்வாஜலிக்காரர், வெள்ளையர் கூப்பிட்ட பெயர் ஜொனி முல்லா. 1,698 ஓட்டம், 245 விக்கெட். கிங் கோல் என்று அழைக்கப்பட்ட இன்னொருவர் லண்டனிலேயே காசநோயில் இறந்துபோனார். அணி திரும்பி வந்த அதே வருடம்தான் மேலே சொன்ன 1869 சட்டம். லோர்ட்ஸ் மைதானத்தில் விளையாடின மனுசர், இனி எங்கே இருக்கலாம் என்று சபையைக் கேட்கவேண்டிய நிலை. இப்ப பொக்ஸிங் டே டெஸ்டின் ஆட்டநாயகனுக்குக் கொடுக்கிற பதக்கம் முல்லாவின் பெயரில் இருக்கிறது. 2020 இல் அதை முதன்முதலில் வாங்கினவர் ரஹானே.

பின்னேரம், வைன்.

கிரேட் வெஸ்டர்னுக்கு முந்திரிகைக் கொடி வந்தது தங்கத்தின் பின்னால்தான். தங்கத்தின் பின்னால் வந்த இன்னொரு நடையைச் சொல்லாமல் அதற்குள் போக முடியாது. 1850களில் விக்டோரியாவில் தங்கம் அகப்பட்டதும் தென் சீனாவில் இருந்து ஆயிரக்கணக்கான ஆண்கள், பெரும்பாலும் கடன்பட்டுக் கப்பலேறி வந்தார்கள். 1855 இல் விக்டோரியா அரசு சட்டம் போட்டது: வந்திறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண் தலைவரி. கப்பல்காரர் என்ன செய்தார்கள்? அடுத்த மாநிலமான தென் அவுஸ்திரேலியாவின் ரோப் என்ற குட்டித் துறைமுகத்தில் ஆக்களை இறக்கிவிட்டார்கள். சில நூறு பேர் மட்டும் இருந்த அந்த ஊரில், இரண்டொரு வருடத்துக்குள் 16,000 பேருக்கு மேல் இறங்கினார்கள். அங்கிருந்து தங்கவயலுக்கு நடை. நானூறு கிலோமீற்றர் அளவு. தோளில் காவுதடி, இரண்டு பக்கமும் கூடை, ஒருவர் பின் ஒருவராய் நீண்ட வரிசை. காசு வாங்கின வழிகாட்டிகள் சிலர் நடுவழியில் விட்டுவிட்டு ஓடினார்கள்.

அப்படி நடந்த ஏறத்தாழ 700 பேர் கொண்ட ஒரு கூட்டம், 1857 இல் இளைப்பாற நின்ற இடத்தில் தங்கம் கண்டது. கன்ரன் லீட் என்று அந்தத் தங்கப் படிவுக்குப் பெயர் வந்தது. செய்தி பரவ, ஐரோப்பியச் சுரங்கக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஓடிவந்தார்கள். அரரட் ஊர் அப்படித்தான் பிறந்தது. சீனர் உருவாக்கிய அவுஸ்திரேலிய ஊர் என்று அதைச் சொல்கிறார்கள். இப்போது அங்கே கும் சான் என்ற சீன மரபு நிலையம் இருக்கிறது. கன்ரனீஸில் 'பொன்மலை' என்று அர்த்தம். ஆனால் அதே 1857 இல் தென் அவுஸ்திரேலியாவும் சீனருக்கு வரி போட்டு அந்தப் பாதையை அடைத்தது. இதே காலத்தில், இதே சாம்ராஜ்யத்தின் இன்னொரு மூலையில், மன்னார்க் கரையில் இறங்கிக் கோப்பித் தோட்டத்துக்குக் காட்டு வழியால் நடந்த எங்கட மலையகத்து முன்னோரை நினைக்காமல் இதை வாசிக்க எங்களால் முடியவில்லை. ஒரு வித்தியாசம், அவர்களைத் தோட்டத்துரைமாருக்குத் தேவைப்பட்டது. இவர்களைத் தங்கவயலில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை.

தங்கம் குறைய, நிலத்தில் வேற என்ன செய்யலாம் என்று பார்த்தவர்களில் பிரெஞ்சுக்காரரான ஜோன் பியர் துரூவெற், எமில் பிளம்பிய என்ற மைத்துனர் இருவரும் 1863 இல் கிரேட் வெஸ்டர்னில் கொடி நட்டார்கள். அவர்களைப் பார்த்து ஜோசப் பெஸ்ட் 1865 இலும், அவர் சகோதரன் ஹென்றி பெஸ்ட் 1866 இலும் தொடங்கினார்கள். ஹென்றி தங்கவயலுக்கு இறைச்சி விற்ற ஆள். யாழ்ப்பாணத்தில் பந்தலில் படர்கிற முந்திரிகையை மனசில் வைத்துக்கொண்டு இதை வாசிக்காதீர்கள். அங்கே கொடி இடுப்பளவு உயரத்தில், வரிசையாய், குட்டையாய் நிற்கும்.

வைனைக் குளிராக வைக்க ஜோசப் பெஸ்டுக்கு நிலக்கீழ் இடம் வேணும். ஊரில் வேலையில்லாத சுரங்கத் தொழிலாளர் நிறைய. உக்கிய கருங்கல் நிலத்தை அவர்கள் கையால் குடைந்தார்கள். அந்தச் சுரங்கங்கள் பிறகு வளர்ந்து வளர்ந்து மொத்தம் 3 கிலோமீற்றர் வரை போயின. இன்று காசு கட்டிப் பார்க்கிற இடம். 1888 இல் அந்தத் தோட்டத்தை வாங்கிய ஹான்ஸ் இர்வின், பிரான்சின் ஷம்பேன் பகுதியிலிருந்து சார்ல்ஸ் பியர்லோ என்ற நிபுணரைக் கூப்பிட்டு, நுரைக்கிற வைனை அங்கேயே செய்யத் தொடங்கினார். 1918 இல் செப்பெல்ட் குடும்பம் வாங்கியது. சுற்றிக் காட்டுகிறவர்கள் பாடகி நெல்லி மெல்பா ஷம்பேனில் குளித்த கதையும் சொல்லுவார்கள். நம்புறதும் நம்பாததும் உங்கட விருப்பம்.

வைன் சுற்றுலாக் கையேடுகளில் வராத ஒரு விஷயம் இருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் விக்டோரியா உட்பட்ட அவுஸ்திரேலியக் குடியேற்றங்கள், பூர்வகுடிகளுக்கு மது விற்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தன. இந்தத் தடை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. மதுவால் அழிந்த சமூகங்களைக் காப்பாற்ற என்று சொல்லப்பட்டது, அதில் உண்மையும் இருந்தது. ஆனால் வெள்ளையர் குடித்து அழிந்ததற்கு வெள்ளையர் எல்லாருக்குமாய் ஒரு சட்டம் வரவில்லை. ஆக, ஜாப் வுரூங் நிலத்தில் விளைந்த முந்திரிகையில், அந்த நிலத்தில் செய்த வைனை, பல தலைமுறையாய் ஜாப் வுரூங் ஆள் ஒருவர் கடையில் கேட்டு வாங்க ஏலாது. உலகப் போரில் சண்டைக்குப் போய் வந்த பூர்வகுடிச் சிப்பாய்க்கும் அதே சட்டம்தான்.

ஹென்றி பெஸ்டின் தோட்டம் இன்னும் இருக்கிறது. 1877 இல் ஜீலோங் பக்கம் ஃபைலொக்சரா என்ற வேர்ப்பூச்சி வந்து, அரசு உத்தரவில் அந்தப் பக்கத்துத் தோட்டங்கள் பிடுங்கப்பட்டபோது கிரேட் வெஸ்டர்ன் தப்பிவிட்டது. அதனால் 1860களில் அவர் நட்ட கொடிகள் சில இன்றும் காய்க்கின்றன. நாற்றுமேடை என்று அழைக்கிற ஒரு துண்டு நிலத்தில் நாற்பது வகை அளவில் கலந்து நட்டிருக்கிறார். அவற்றில் சில எந்த வகை என்று நிபுணர்களாலும் இன்னும் அடையாளம் காண முடியவில்லை. ஆனாலும் ஒன்றையும் வெட்டவில்லை. அறுவடையில் எல்லாவற்றையும் சேர்த்துப் பிழிந்து வைனாக்குகிறார்கள்.

அங்கிருந்து கார் ஸ்டொவல் வழியாய்ப் போனால், ஊருக்குத் தெற்கே ஒரு பாறைக் குகை இருக்கிறது. படைப்பாளனான புஞ்சிலையும் அவனுடைய இரண்டு நாய்களையும் அதில் வரைந்திருக்கிறார்கள். புஞ்சில் வரையப்பட்ட ஓவியமாய் அறியப்பட்டது அது ஒன்றுதான். இடையில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் ஆரோ கீறினது எண்டு சந்தேகப்பட்டு, பதிவேட்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பிறகு நிறத்தைச் சோதித்துப் பார்த்ததில், பின்னாளில் பூசின பூச்சுக்குக் கீழே பழைய காவி இருந்தது. திரும்பப் பதிந்தார்கள். இப்ப சுற்றிவரக் கம்பிக் கூடு. கார் பார்க்கில் இருந்து கொஞ்சத் தூரம்தான் நடை, வைன் குடித்தவர்களும் நடக்கலாம்.